எடையைப் பகைத்த பொறியாளர் காலின் சாப்மன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

கார்ப் பந்தயம் என்பது பணம் படைத்தோர் விளையாட்டு என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது சரியான எண்ணமே. ஆனால் இங்கிலாந்து நாட்டில், கையில் காசில்லாத நிலையில், விலைபோகாத ஒரு கிழட்டுக் காரைப் பிரித்துப் போட்டு, அதன் எடையைக் குறைத்து, சேற்று மேட்டில் ஏற்றிப் பரிசு வாங்கிய மாணவர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் லோட்டஸ் கார் நிறுவனத்தை உலகறியச் செய்தவரும் அவரே. ஆந்தணி காலின் புரூஸ் சாப்மன் என்பது முழுப்பெயர். பணமும் புகழும் வந்த பின் அவர் செய்தவற்றைப் பற்றித்தான் பலரும் எழுதுவர். எனக்கோ அவர் மாணவராக இருந்த நாட்களே பெரிதாகத் தோன்றுகின்றன. பின்னாளில் அவர் செய்தவற்றுள் என்னால் ஒப்புக்கொள்ள முடியாதவையும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சாப்மன் 1928-ஆம் ஆண்டு மே 19-இல் லண்டன் நகரை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். தந்தையார் வடலண்டனில் ஹார்ன்சி என்னுமிடத்தில் ரயில்வே ஓட்டல் என்ற விடுதியை நடத்தி வந்தார். 1945-இல், இரண்டாம் உலகப்போர் முடிந்த ஆண்டில், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பாலங்களும் கூரைகளும் எவ்வாறு பாரம் தாங்குகின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட பாடம். கார் பற்றிய படிப்பு அன்று. அதனால்தான் பிற்காலத்தில் அவர் ஒரு காரைப் பார்த்தபோது சக்கரம் வைத்த பாலமாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் புதுக்கார் கிடைப்பது அரிது. பழைய கார்களுக்கு நல்ல கிராக்கி. சாப்மனும் உடன்படித்த நண்பர் ஒருவரும் சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்கத் தொடங்கினர். படித்துக்கொண்டே செய்த வியாபாரம், நல்ல வருமானம். 1947-இல் அரசாங்கம் பொதுமக்களுக்கு வழங்கிவந்த அடிப்படைப் பெட்ரோல் பங்கீட்டையே நிறுத்திவிட்டது. பெட்ரோல் இல்லாத காரை யார் வாங்குவர்? விலைகள் சரிந்தன. இருந்த கார்களை வந்த விலைக்குத் தள்ளினார்கள். சேர்த்த பணம் போயிற்று. கடைசியில் எவரும் சீந்தாத பழைய ஆஸ்டின் செவன் ஒன்று மட்டும் மிஞ்சியது.

இடையில் ஒரு செய்தி. இறுதித் தேர்வில் சாப்மன் கணிதத் தாளில் தேறவில்லை. மீண்டும் எழுதி, ஓராண்டு தாமதமாக 1949-இல்தான் பட்டம் பெற்றார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இப்பத்தியை வீட்டில் படித்துக் காட்டலாம். ஆனால் மறுமுறை எழுதித் தேறினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்!

மிஞ்சிய அந்த ஆஸ்டின் செவன் எத்தகைய வண்டி? எஞ்சின் கொள்ளளவு 747 சி.சி. நம் ஊரில் இன்று ஓடும் சிறிய கார்களில் பலவற்றைவிடவும் குறைவு. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கட்டும் என்று செய்யப்பட்ட எளிய வண்டி. இதைக் கொண்டு பந்தயத்தில் வெல்ல வேண்டுமானால் இரண்டு வழிகள். ஒன்று, எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவது. அதற்குக் காசு வேண்டும். மற்றொன்று, எஞ்சின் இழுக்க வேண்டிய பாரத்தைக் குறைப்பது. அதற்கு ஒரு ரம்பமும், எதை வெட்டலாம் எதை வெட்டக்கூடாது என்ற அறிவும் போதும். சாப்மனிடம் இருந்தது இரண்டாவதுதான்.

அக்காலத்து இங்கிலாந்தில் டிரையல் என்ற போட்டி நடந்து வந்தது. ராலிப் பந்தயத்துக்கு உறவுமுறை உடையது. சேறும் கல்லுமான செங்குத்து மேடுகளில் நிற்காமல் ஏற வேண்டும். சாலையில் ஓட்டிச் சென்று, போட்டியில் ஏறி, அதே காரில் வீடு திரும்புவர். சாப்மன் இதற்கென்றே காரை மாற்றினார். அவருக்கு மனைவியாக வாய்க்கவிருந்த ஹேசல் வில்லியம்சின் பெற்றோர் வீட்டுக் கொட்டகைதான் பட்டறை. ஹேசலும் கூட நின்று வேலை செய்தார்.

முதலில் பழைய மேற்கூடு முழுவதையும் கழற்றி எறிந்தார்கள். கழற்றி எறிவதற்குச் செலவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எடைக் குறைப்பில் மிக மலிவானது, வேண்டாததைத் தூக்கிப் போடுவதே. அதன்பின் ஆஸ்டினின் அடிச்சட்டத்தைக் கவனித்தார். அது பள்ளமான ப வடிவ இரும்பால் ஆனது, முறுக்கினால் முறுங்கும். திறந்திருந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டிபோல ஆக்கினார். சிறிது எடை கூடத்தான் செய்தது. ஆனால் வேண்டிய இடத்தில் கூட்டிய எடை அது. மேற்கூட்டுக்கு அலுமினியத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தினார். விமானங்களில் செய்வதுபோலக் குறுக்குத் தடுப்புகள் வைத்து, மேற்கூடும் சட்டத்தோடு சேர்ந்து முறுக்கத்தைத் தாங்குமாறு அமைத்தார். ஆக, காற்றையும் சேற்றையும் தடுக்க வைத்த பலகையே வண்டிக்கு வலுவும் தந்தது. ஒரே உறுப்பு இரண்டு வேலை செய்தால் இரண்டாவது உறுப்பின் எடை மிச்சம், விலையும் மிச்சம். இதுவே அவருடைய வாழ்நாள் முழுதும் ஓடிய நூல் எனலாம்.

1948-இல் அந்தக் கார் போட்டிகளில் இறங்கியது. தன் பிரிவில் பரிசுகளும் பெற்றது. அதற்கு லோட்டஸ், அதாவது தாமரை, என்று பெயரிட்டார். சேற்றில் ஏறும் வண்டிக்குத் தாமரை என்ற பெயர் பொருத்தம் அன்றோ!

இங்கே கொஞ்சம் இயற்பியல் பேச அனுமதி வேண்டும். விசை என்பது நிறையும் முடுக்கமும் பெருக்கியது என்று பிளஸ் ஒன் வகுப்பிலேயே படித்தோம். 80 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் 1000 கிலோ காரை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைக்கு 12.5 கிலோ பாரம். அதில் பாதித் திறனே உள்ள 40 குதிரை எஞ்சின் 430 கிலோ காரை இழுத்தால், ஒரு குதிரைக்கு 11 கிலோவுக்கும் குறைவு. சின்ன எஞ்சின் முந்துகிறது. இது மட்டுமல்ல. ஆற்றலைக் கூட்டினால் நேர்ச்சாலையில்தான் பயன். எடையைக் குறைத்தால் ஏற்றத்திலும் வளைவிலும் பிரேக் போடும்போதும் பயன். பிரேக் என்ன செய்கிறது? ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக்குகிறது. நிறை பாதியானால் வெப்பமும் பாதி. அப்போது சிறிய பிரேக் போதும். மெல்லிய டயர் போதும். குறைந்த பெட்ரோல் போதும், ஆகவே சிறிய டேங்க் போதும். குறைத்த ஒவ்வொரு கிலோவும் இன்னும் சில கிராமைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. கடன் வட்டி குட்டி போடுவதை அறிந்தவர்கள் நாம். இது அதன் தலைகீழ்.

பட்டம் பெற்றபின் சிறிது காலம் விமானப்படையில் இருந்தார். பிறகு பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை. கட்டடங்களில் இரும்புக்குப் பதில் அலுமினியத்தைப் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்காட்டி விற்பது அவர் பணி. பகலில் அலுமினியம், இரவில் கார். 1951-இல் மூன்றாவது காரைக் கட்டினார். இதுவும் ஆஸ்டின் செவனே. அதன் எஞ்சினில் இரண்டிரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நுழைவழி. அவ்வழியின் நடுவே தடுப்பு வைத்து நான்கு வழிகளாக்கினார். போட்டி விதிகளில் அதைத் தடை செய்யும் வரி எதுவும் இல்லை. அவர் வென்ற பிறகே அந்த வரி சேர்க்கப்பட்டது. வக்கீலைப்போல விதியைப் படிக்கும் இந்தப் பழக்கம் அவரைப் பிற்காலத்தில் உயர்த்தவும் செய்தது, தாழ்த்தவும் செய்தது.

1952 ஜனவரி முதல் நாள், தந்தையார் விடுதியின் பின்னாலிருந்த குதிரை லாயத்தில், லோட்டஸ் எஞ்சினியரிங் கம்பெனி தொடங்கியது. மூலதனம் ஹேசல் கொடுத்த 25 பவுண்டு கடன். 1954-இல் இருவரும் மணந்துகொண்டனர்.

கம்பெனியின் முதல் பெரிய வெற்றி மார்க் சிக்ஸ் என்னும் கார். இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். இதில் பழைய காரின் அடிச்சட்டம் கிடையாது. மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு. அதன் எடை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 25 கிலோ. ஒரு நெல் மூட்டையில் பாதியும் இல்லை! இது எப்படி முடிந்தது? நான்கு குச்சிகளின் முனைகளைக் கட்டிச் சதுரம் செய்து மூலையைத் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சியைக் கட்டி முக்கோணங்களாக்கித் தள்ளிப் பாருங்கள், அசையாது. ஒரு ஈர்க்குச்சியை வளைத்தால் எளிதில் ஒடியும். அதையே இரு முனையும் பிடித்து நேராக இழுத்தால் எளிதில் அறுவதில்லை. முக்கோணமாகக் கட்டிய கூட்டில் எந்தக் குழாயும் வளைக்கப்படுவதில்லை. இழுக்கப்படுகிறது அல்லது அழுத்தப்படுகிறது. அதனால் குழாய் மெல்லியதாக இருந்தாலும் தாங்குகிறது. அதன்மேல் அறைந்த அலுமினியத் தகடுகளும் வலுவில் பங்கு கொண்டன. முழுக் காரின் எடை 430 கிலோ அளவில்தான் இருந்தது.

சிக்கனம் அதோடு நிற்கவில்லை. முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்க வேண்டும். அதற்கெனப் புதிய உறுப்புகள் செய்யப் பணம் ஏது? பழைய ஃபோர்டு காரின் முன் இருசை நடுவில் இரண்டாக அறுத்து, நடுவே கீல் வைத்து மாட்டினார்! எஞ்சினும் கியர் பெட்டியும் வாங்குபவரே ஒரு பழைய ஃபோர்டிலிருந்து கழற்றிக் கொண்டுவர வேண்டும். முழுக் காராக விற்றால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக விற்றால் இல்லை. ஆகவே பாகங்களாகவே விற்றார். நூறு கார்களுக்கு மேல் இவ்வாறு சென்றன. குமாஸ்தாக்களும் மெக்கானிக்குகளும் வார இறுதியில் வீட்டில் பூட்டிப் பந்தயத்துக்கு ஓட்டிச் சென்றனர். இதன் வழித்தோன்றலே 1957-இல் வந்த லோட்டஸ் செவன்.

என் தந்தையார் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், படித்ததை எல்லாம் அவரிடம் சொல்வது வழக்கம். 25 கிலோ சட்டம் பற்றிச் சொன்னபோது அவர் நம்பவில்லை. நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார். முக்கோணத்தை ஒப்புக்கொண்டார், கூரைக்குச் சாரம் கட்டுவதும் அப்படித்தான் என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். குண்டும் குழியுமான ரோட்டில் இது எத்தனை நாள் தாங்கும்? கணக்கில் வரும் பாரம் வேறு, குழியில் விழும்போது வரும் அடி வேறு, அந்த அடிக்காகத்தான் நாங்கள் ஒரு சுற்றுத் தடிமன் கூட்டி வைக்கிறோம் என்றார்.

அக்கேள்விக்கு விடை லோட்டஸ் கார்ட்டினாவில் கிடைக்கிறது. 1963-இல் ஃபோர்டு கம்பெனிக்காகச் சாப்மன் உருவாக்கிய கார் இது. ஃபோர்டின் சாதாரணக் குடும்பக் காரை எடுத்து, லோட்டஸ் எஞ்சினைப் பொருத்தி, கதவுகள், எஞ்சின் மூடி, டிக்கி மூடி ஆகியவற்றை அலுமினியமாக மாற்றினார். பாரம் தாங்காத தோல்போன்ற உறுப்புகளில் எடையைக் குறைப்பது நியாயமான வேலை. கதவு இலேசானால் கார் உடைவதில்லை. ஆனால் பின்புற இருசைத் தாங்கும் பட்டை வில்களையும் எடுத்துவிட்டு, சுருள் வில்லும் ஏ வடிவக் கவையும் வைத்தார். வழுவழுப்பான பந்தயத் தளத்தில் அது அருமையாக ஓடியது. கரடுமுரடான பாதையிலோ அந்தக் கவையின் இழுப்பு இருசுப் பெட்டியின் இணைப்புகளைத் தளர்த்தியது, எண்ணெய் கசிந்தது, கசிந்த எண்ணெய் கவையின் ரப்பர் புஷ்களைக் கெடுத்தது. 1965-இல் ஃபோர்டு கம்பெனி பழைய பட்டை வில்லையே திரும்ப வைத்தது. மறு ஆண்டு, 1966-இல், இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆர்.ஏ.சி. ராலியில் சுவீடன் நாட்டுப் பெங்ட் சோடர்ஸ்ட்ரோம் லோட்டஸ் கார்ட்டினாவை ஓட்டி முதலிடம் பெற்றார். கைவிட்ட இரும்பைத் திரும்பச் சேர்த்த பிறகு கிடைத்த வெற்றி அது! என் தந்தையாரிடம் இதைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

ஃபார்முலா ஒன் பந்தயங்களில் சாப்மன் அடைந்த பெருமையை விரைவாகவே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு இதழ்களில் நிறையக் கிடைக்கும். 1962-இல் லோட்டஸ் 25 என்ற காரில் குழாய்க் கூட்டையே நீக்கிவிட்டார். நண்டுக்கு உள்ளே எலும்பில்லை, ஓடுதான் வலு. அதுபோல அலுமினியத் தகட்டு ஓடே காரின் உடலாயிற்று. அவருடைய முந்திய காரைவிட மூன்று மடங்கு விறைப்பு. உடற்கூட்டின் எடையோ பாதி. 1963-இலும் 1965-இலும் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் உலகச் சாம்பியன் ஆனார். 1967-இல் எஞ்சினையே காரின் பின்பாதிச் சட்டமாக்கினார். மீண்டும் ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை. 1963 முதல் 1978 வரை ஏழு முறை கார் தயாரிப்பாளர்களுக்கான உலகப் பட்டம் லோட்டஸுக்குக் கிடைத்தது.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இப்போது அவரிடம் பணம் இருந்தது. எடையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வறுமையால் வந்ததன்று, வழக்கத்தால் வந்தது. வேண்டாததை எல்லாம் என்றோ எடுத்தாயிற்று. இனிக் குறைப்பதென்றால் வேண்டியதிலிருந்துதான் குறைக்க வேண்டும்.

1969 மே மாதம் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் நடந்த பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் உயர்ந்த இறக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. கிரகாம் ஹில்லும் ஜோகன் ரிண்டும் தடுப்பில் மோதினர். இருவரும் உயிர் தப்பியது நற்பேறு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரிண்ட் அதன்பின் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் கார்கள் மிக விரைவானவை, வலுவற்ற உறுப்புகளில் சில பவுண்டு எடையைக் கூட்டினாலும் அவை தோற்றுவிடா, என்பது அதன் கருத்து. அன்று அவர் கேட்டதும் லாரிப் பட்டறையில் கூட்டி வைக்கும் ஒரு சுற்றுத் தடிமனைத்தான்.

1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மோன்சாப் பந்தயத்துக்கு முந்திய பயிற்சி. ரிண்ட் ஓட்டியது லோட்டஸ் 72. அதில் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை. சக்கரத்தின் எடையைக் குறைக்கவென்று உடலுக்குள் வைத்து, ஒரு தண்டால் சக்கரத்தோடு இணைத்திருந்தனர். பிரேக் போட்ட இடத்தில் வலப்புறத் தண்டு முறிந்தது. கார் திரும்பித் தடுப்பில் மோதியது. ரிண்ட் இறந்தார், வயது 28. தடுப்பு வேலி சரியாக அமைக்கப்படாததே சாவுக்குக் காரணம் என்று விசாரணையில் கூறப்பட்டது உண்மை. கால்களுக்கிடையே கட்ட வேண்டிய வாரை அவர் கட்டவில்லை என்பதும் உண்மை. எனினும் விபத்தைத் தொடங்கி வைத்தது அந்தத் தண்டு. அவ்வாண்டு அவர் சேர்த்திருந்த புள்ளிகளை வேறு எவராலும் எட்ட முடியவில்லை. இறந்த பின் உலகச் சாம்பியன் ஆனவர் அவர் ஒருவரே.

சாப்மனைக் கொலைகாரர் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அக்காலத்தில் வேறு பல நிறுவனங்களின் கார்களிலும் ஓட்டுநர் இறந்தனர். எனினும், ஆஸ்டினின் சட்டத்தில் வேண்டிய இடத்துக்குத் தகடு வைத்து எடையைக் கூட்டிய அந்த மாணவர், இக்கடிதத்தைப் பெற்றிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

கடைசி ஆண்டுகள் நன்றாக அமையவில்லை. லோட்டஸ் எஞ்சின் பொருத்திய டால்பட் சன்பீம் 1980-இல் ஆர்.ஏ.சி. ராலியை வென்றது, 1981-இல் ராலி உலகப் பட்டமும் பெற்றது. அது ஒரு மகிழ்ச்சி. அதே காலத்தில் டெலோரியன் என்ற கார் நிறுவனத்துக்காக லோட்டஸ் செய்த வேலையில் பெரும் பணம் மாயமான விவகாரம் வெளிவரத் தொடங்கியது. அது நீதிமன்றம் செல்லுமுன், 1982 டிசம்பர் 16-இல், மாரடைப்பால் சாப்மன் காலமானார். வயது 54. நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்து வந்தவர் 1992-இல் அவ்வழக்கில் சிறை சென்றார்.

கொட்டகையில் கட்டிய அந்த முதல் காரைச் சாப்மன் 1950-இல் விளம்பரம் கொடுத்து விற்றுவிட்டார். வாங்கியவர் வட இங்கிலாந்துக்காரர். அதன்பின் அக்கார் கண்ணில் படவில்லை. 2018-இல், அது பிறந்து 70 ஆண்டுகள் ஆனபோது, லோட்டஸ் நிறுவனம் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஓ.எக்ஸ். 9292 என்ற எண்ணுள்ள அந்தக் காரைப் பழைய கொட்டகைகளிலும் தொழுவங்களிலும் தேடிப் பார்க்கும்படி அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.